பட்டியலில் எங்கள் பெயர் இல்லை: பிரித்தானிய வணிக, வர்த்தக அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

அமைச்சர் அவர்களுக்கு,

கடந்த நவம்பரில் எங்கள் தொழிற்சாலையை மூடப்போவதாக அறிவித்தார்கள். மறுநாள் உள்ளூர்ச் செய்தியில் 140 பேருக்கு வேலை போகிறது என்று வந்தது. அந்த 140 பேரில் நான் இல்லை. ஒன்பது வருடம் அங்கே நின்று வேலை செய்தவள் நான், ஆனால் ஏஜென்சி ஆளாக, அதாவது தொழிற்சாலைகளுக்கு ஆள் அனுப்பும் கம்பனி மூலம். அந்த 140 பேருக்கும் முந்தி எனக்குத்தான் வேலை போனது. ஆனாலும் கணக்கில் நான் இல்லை.

எனக்கு மனதில் உள்ளதைச் சொல்ல வரும் மொழி தமிழ், அதனால் தமிழில் எழுதுகிறேன். மகள் இதை ஆங்கிலத்தில் எழுதி உங்கள் அலுவலகத்துக்குத் தபாலில் போட்டுவிட்டாள். தமிழில் எல்லோரும் பார்க்க வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏஜென்சி மூலம் தொழிற்சாலைக்கும் கிட்டங்கிக்கும் போய்வரும் நம்மவர்கள் இந்த நாட்டில் நிறையப் பேர். தங்களுக்கு நடப்பது தங்களுக்கு மட்டும் நடக்கிறது என்று அவர்கள் நினைத்துக்கொண்டு இருக்கக்கூடாது.

தொழிற்சாலையின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. என் தோழிகள் சிலர் இன்னும் அங்கே கடைசி மாதங்களைக் கழித்துக்கொண்டு இருக்கிறார்கள், அவர்களுக்கு வரவேண்டிய காசு வந்து சேரவேண்டும். தவிர, அந்தக் கம்பனி சட்டத்தை மீறவில்லை. சட்டம் விட்ட வழியால்தான் போனது. வழியை விட்டது நீங்கள். ஆகவே கடிதமும் உங்களுக்கு.

என்ன வேலை என்று முதலில் சொல்கிறேன். கார்க் கதவின் உட்பக்கம் ஒரு பிளாஸ்டிக் பலகை இருக்கும். கை ஊன்றும் இடம், ஸ்பீக்கருக்கான ஓட்டை எல்லாம் அதில்தான். அச்சிலிருந்து சூட்டோடு வரும் அந்தப் பலகையை எடுத்து, பின்பக்கம் பதினொரு கிளிப் குத்தி, திருப்பி, விளக்குக்குக் கீழே சரித்துப் பிடித்துக் கீறல் இருக்கிறதா என்று பார்த்து, ஓரத்தைப் பெருவிரலால் ஒரு சுற்றுத் தடவி அடுக்கில் வைக்கவேண்டும். ஒரு பலகைக்கு 50 வினாடி. கையுறை போட்டுக்கொண்டு தடவினால் பிசிறு தெரியாது. அதனால் வலது பெருவிரல் பக்கம் மட்டும் கையுறையைக் கத்தரித்து விடுவோம். விதிப்படி அது பிழை. சுப்பர்வைசருக்கும் தெரியும், ஆனால் அவரும் அப்படித்தான் பழகினவர். புதிதாக நிரந்தர வேலைக்கு எடுக்கும் பிள்ளைகளைப் பழக்குவதற்கு என் பக்கத்தில்தான் கொண்டுவந்து விடுவார்கள். நான் பழக்கியவர்களில் மூன்று பேர் இப்போது ரிடண்டன்சிப் பணத்துக்கு, அதாவது ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு, காத்திருக்கிறார்கள். வாங்கட்டும். உழைத்த பிள்ளைகள்.

நிரந்தர ஆட்களுக்கு மஞ்சள் மேலங்கி, ஏஜென்சிக்குச் செம்மஞ்சள். தூரத்தில் நின்றே யார் எவர் என்று தெரிந்துவிடும்.

அறிவித்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஷிஃப்ட். ஒன்பதரைக்கு டீம் லீடர் வந்தார். மஞ்சள் எல்லாரும் கன்டீனுக்கு வாங்கோ, செம்மஞ்சள் லைனை நிற்பாட்டாமல் பாருங்கோ என்றார், ஆங்கிலத்தில்தான். பதினான்கு பேர் நிற்கும் லைனை நாங்கள் ஆறு பேர் நாற்பது நிமிடம் ஓட்டினோம். பலகை குவிந்தது. ஏதோ நல்ல செய்தி, புது மாடலுக்கு ஓடர் வந்திருக்கும் என்று ஒருத்தி சொன்னாள். அவர்கள் திரும்பி வரும்போது முகத்தைப் பார்த்தே விளங்கிவிட்டது. ஏழு வருடம் எனக்கு எதிரே நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, மூடுகிறார்களாம் என்றாள். நாங்கள் வேலை செய்த இடம் மூடப்படுவதை எங்களுக்குச் சொன்னது அவள்தான். கம்பனி சொல்லவில்லை, ஏஜென்சியும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு போனில் மெசேஜ் வந்தது. அடுத்த வாரம் உங்களுக்கு ஷிஃப்ட் இல்லை, அடையாள அட்டையையும் லொக்கர் திறப்பையும் திங்கட்கிழமை ஒப்படைக்கவும். அவ்வளவுதான். திங்கள் போனேன். லொக்கரைத் திறக்கும்போது காவலாளி பக்கத்தில் நின்றார். அவரும் ஒப்பந்த ஆள்தான், பாவம், கீழே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே என்ன இருந்தது? முதுகுவலிக்குப் பூசும் தைலம், ஒரு சோடி காலுறை, கன்டீன் சாப்பாட்டுக்கு மேல் தூவிக்கொள்ள ஒரு சின்னப் போத்தலில் மிளகாய்த்தூள். ஒன்பது வருடச் சொத்தை ஒரு டெஸ்கோ பையில் போட்டு எடுத்துக்கொண்டு பஸ் எடுத்தேன்.

இப்போது எண்ணிக்கைக்கு வருகிறேன். எங்கள் ஏஜென்சி ஆட்களின் வட்ஸ்அப் குழுவில் 58 பேர். அந்த ஒரு வாரத்துக்குள் 58 பேருக்கும் ஷிஃப்ட் நின்றுவிட்டது. கன்டீனில் சமைத்த பெண்கள், இரவில் கூட்டித் துடைத்தவர்கள், வாசல் காவல், பலகைகளை ஏற்றிப்போன லொறிக்காரர் எல்லாம் வேறு வேறு கம்பனிகளின் ஆட்கள். அவர்களை எண்ணவே இல்லை. பத்திரிகை எண்ணவில்லை, யூனியன் விட்ட அறிக்கை எண்ணவில்லை, நாடாளுமன்ற உறுப்பினர் கவலை தெரிவித்து எழுதியதிலும் அதே 140தான்.

பிறகு வேலைவாய்ப்பு நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் நல்ல பிள்ளை, பொறுமையாகக் கேட்டாள். ரிடண்டன்சியா? இல்லை, ஏஜென்சி. வேலையை நீங்களாக விட்டீர்களா? இல்லை. அப்போ தற்காலிக வேலை முடிந்தது என்று போடுகிறேன், சரியா? ஒன்பது வருடத் தற்காலிகம்! நான் அந்த வேலைக்குப் போகும்போது ஆரம்பப் பள்ளியில் இருந்த மகன் இப்போது பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான்.

காசுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வயது 52. வாரம் 40 மணி நேரம், மணிக்கு 12.21 பவுண், அதாவது அப்போது நாட்டின் குறைந்தபட்சக் கூலி. நிரந்தர ஊழியராக இருந்திருந்தால், 41 வயதுக்கு மேல் வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒன்றரை வாரச் சம்பளம் என்று சட்டம் சொல்கிறது. ஒன்பது வருடத்துக்குப் பதின்மூன்றரை வாரம், 6,500 பவுணுக்குக் கொஞ்சம் மேலே. அதோடு ஒன்பது வார முன்னறிவித்தல் வேறு. எனக்குக் கிடைத்தது, எடுக்காமல் விட்ட நான்கு நாள் விடுமுறைச் சம்பளம். 2010ஆம் ஆண்டின் ஏஜென்சித் தொழிலாளர் விதிகள் 12 வாரம் கழிந்ததும் அடிப்படைச் சம்பளத்தில் எங்களை நிரந்தர ஆளுக்குச் சமமாக்கின. அதற்கு நன்றி. ஆனால் அந்தச் சமம் தொழிற்சாலைக் கதவு திறந்திருக்கும் வரைக்கும்தான்.

இந்த நாட்டுக்குத் தொழிற்சாலை மூடுவது புதிதில்லை, எனக்கும் தெரியும். நான் இருப்பது கொவென்ட்ரியில். இங்கே பிரவுன்ஸ் லேனில் ஜாகுவார் கார் செய்தார்கள். அங்கே கார் செய்வதை நிறுத்துவதாக 2004இல் முடிவெடுத்தார்கள். அந்த நிலத்தில் இப்போது அமேசனின் பெரிய கிட்டங்கி நிற்கிறது. அமேசனுக்கு எதிராக பிரித்தானியாவில் நடந்த முதல் சட்டபூர்வ வேலைநிறுத்தம், 2023 ஜனவரியில், அந்தக் கிட்டங்கியில்தான். பக்கத்தில் ரைட்டனில் பெஜோ கம்பனி 206 மாடல் காரைச் செய்துகொண்டு இருந்தது. 2006இல் மூடிவிட்டு உற்பத்தியை ஸ்லோவாக்கியாவுக்குக் கொண்டுபோனார்கள். 2,300 பேர் அப்போது. எங்கள் தெருவில் ஒரு பஞ்சாபிப் பெரியவர் ரைட்டனில் இருந்தவர். நவம்பரில் என்னை வாசலில் கண்டு விஷயத்தைக் கேட்டவர், ஒரு கேள்விதான் கேட்டார்: கடிதம் தந்தார்களா? அவருக்குத் தந்திருந்தார்கள். கூட்டம் வைத்தார்கள், யூனியன்காரர் வந்து பக்கத்தில் இருந்து கணக்குப் பார்த்தார், காசு தந்தார்கள், வேறு வேலை தேட ஆள் வைத்தார்கள். அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறாராம். கோபமான மனிதர் அவர், பெஜோ என்றால் இன்றைக்கும் பல்லைக் கடிப்பார். ஆனால் அவருக்குக் கோபப்பட ஒரு கடிதம் இருக்கிறது.

நீங்கள் பெரிய தொழிற்சாலைகளுக்காக ஓடியதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். 2024 செப்டெம்பர் 30 அன்று வேல்ஸில் போர்ட் டல்பட் உருக்காலையில், இரும்பு உருக்கும் கடைசி ஊதுலை அணைந்தது. நாடு முழுவதும் 2,800 வேலைகள் போகும் என்று டாட்டா ஸ்டீல் அந்த வருடத் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தது. அங்கே மின்சாரத்தில் உருக்கும் மின்வில் உலை கட்ட அரசு 500 மில்லியன் பவுண் கொடுக்கிறது. 2025 மார்ச் கடைசியில் லூட்டனில் வொக்ஸ்ஹோல் வாகனத் தொழிற்சாலை மூடியது, 1905இலிருந்து அந்தக் கம்பனி இருந்த ஊர். ஒரு மாதம் கழித்து கிரேஞ்ச்மவுத் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, ஸ்கொட்லாந்தில் இருந்தது அது ஒன்றுதான். ஸ்கந்தோர்ப் உருக்காலையின் உலைகள் அணையப்போகின்றன என்றதும் 2025 ஏப்ரல் 12, ஒரு சனிக்கிழமை, விடுமுறையில் இருந்த நாடாளுமன்றத்தைக் கூட்டி ஒரே நாளில் சட்டம் போட்டீர்கள். சனிக்கிழமை கூடுவது ஃபாக்லாந்துப் போர் போன்ற நேரங்களில் நடக்கிற காரியம். உருக்குக்கு அது தகும் என்றுதான் நானும் சொல்வேன். ஊதுலையை ஒருமுறை ஆறவிட்டால் திரும்ப மூட்டுவது லேசில்லை, 2015இல் ரெட்கார் உருக்காலை அணைந்தது அணைந்ததுதான். அதைப் புரிந்துகொண்டு ஓடினீர்கள்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். இந்தப் பெரிய ஊர்களைப் பற்றிய ஒவ்வொரு அறிவிப்பிலும் ஒரு எண் வரும், பிறகு "இன்னும் விநியோகச் சங்கிலியில் பலர்" என்று ஒரு வால் வரும். நான் அந்த வாலில் இருப்பவள். வாலுக்கு எண் கிடையாது.

அதே மாதிரி 2025 செப்டெம்பரில் ஜாகுவார் லேண்ட் ரோவரின் கணினிகளைத் திருடர்கள் முடக்கி, வாரக்கணக்கில் ஒரு கார்கூட வெளிவராமல் நின்றபோது, 1.5 பில்லியன் பவுண் கடனுக்கு அரசு உத்தரவாதம் நின்றது. பாகங்கள் செய்து கொடுக்கும் விநியோகக் கம்பனிகளைக் காப்பாற்றத்தான் என்று அப்போதைய அறிவிப்பு சொன்னது. நல்ல காரியம். அந்த உத்தரவாதத்தோடு, விநியோகக் கம்பனிகள் ஏஜென்சி ஆட்களை எப்படி நடத்தவேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்க முடியாதா? மக்கள் காசு பின்னால் நிற்கும்போது நிபந்தனை போடுவது பிச்சைக்காரனுக்குப் புத்தி சொல்வது மாதிரி ஆகாது. கடன் கொடுப்பவன் கேட்பதுதான் அது.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. எங்கள் குழுவில் ஒருவர், இனி இந்த வேலையெல்லாம் தமிழ்நாட்டுக்குத்தான் என்று எழுதினார். ராணிப்பேட்டைப் பக்கம் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாயில் டாட்டாவின் கார்த் தொழிற்சாலைக்கு 2024 செப்டெம்பரில் அடிக்கல் நாட்டினார்கள், அதைச் சொன்னார். உடனே சண்டை வந்தது, எங்கள் ஆட்கள் வேலையைக் கொண்டுபோகிறார்கள், வெள்ளைக்காரன் என்ன நினைப்பான் என்றெல்லாம். எனக்கு அந்தச் சண்டையில் பங்கில்லை. வேலைக்கு ஊர் கிடையாது. ஃபோர்ட் கம்பனி 2020இல் வேல்ஸில் பிரிட்ஜெண்ட் என்ஜின் ஆலையை மூடியது, 2022இல் மறைமலைநகரில் கார் செய்வதை நிறுத்தியது. இரண்டு ஊர்க்காரரும் ஒரே முதலாளியைத்தான் திட்டினார்கள். போகும் வேலையைக் கட்டிப்போடு என்று நான் உங்களிடம் கேட்கவில்லை. போகும்போது யார் யார் நடுத்தெருவில் நிற்கிறார்கள் என்று எண்ணிப்பார் என்றுதான் கேட்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று மகளோடு இருந்து வாசித்தேன். 90 நாளுக்குள் 20 பேருக்கோ அதற்கு மேலோ ரிடண்டன்சி என்றால் உங்கள் துறைக்கு அறிவிக்கவேண்டும், தொழிலாளர் பிரதிநிதிகளோடு பேசவேண்டும். 100 பேரோ அதற்கு மேலோ என்றால் முதல் ஆளை நீக்குவதற்கு 45 நாள் முந்தியே பேச்சுத் தொடங்கவேண்டும். பேசாமல் விட்டால் தண்டம் 90 நாள் சம்பளம் வரை இருந்தது, அதை 2026 ஏப்ரலில் இருந்து 180 நாளாக்கி 2025 டிசம்பரில் சட்டம் போட்டிருக்கிறீர்கள். எல்லாம் சரி. ஆனால் அந்த 45 நாள் பேச்சு நடக்கும்போது அந்த மேசையில் எங்களுக்குக் கதிரை இல்லை, ஏனென்றால் அதற்குள் எங்களை அனுப்பியாகிவிட்டது. எங்கள் தொழிற்சாலையில் நிரந்தர ஆட்களின் வேலையைக் கொஞ்ச நாள் நீட்டுவதற்குச் செய்த முதல் ஏற்பாடே ஏஜென்சியை நிறுத்துவதுதான். யூனியன்காரரும் அதற்குத் தலையாட்டினார்கள். அவர்களையும் குறைசொல்ல வேண்டும், சொல்கிறேன். 1938இல் இதே கொவென்ட்ரியில்தான் இந்தியத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள், வெளியாள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் கூடி. அந்த ஊர் யூனியன்களுக்குச் செம்மஞ்சள் மேலங்கி கண்ணில் படவில்லை என்றால் எப்படி?

2022 மார்ச்சில் பி அண்ட் ஓ கப்பல் கம்பனி ஏறக்குறைய 800 மாலுமிகளை ஒரு வீடியோவில் வீட்டுக்கு அனுப்பியது. அவர்களின் இடத்துக்கு ஏஜென்சி ஆட்களைக் கொண்டுவந்தது. நாடே கொதித்தது, அமைச்சர்கள் கொதித்தார்கள். எங்களுக்கு வெள்ளிக்கிழமை இரவு வந்த மெசேஜுக்கும் அந்த வீடியோவுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வித்தியாசம், அது பிழை, இது முறை.

டிசம்பர்ச் சட்டத்தில் ஏஜென்சி ஆட்களுக்கும் நிச்சயமான மணித்தியாலங்கள் கொடுக்க வழி செய்திருக்கிறீர்கள் என்று சொல்வீர்கள். அது நடைமுறைக்கு வரட்டும், வரவேற்கிறேன். தொழிற்சாலையே இல்லாத இடத்தில் மணித்தியாலத்தை எங்கே வைப்பது?

ஆகவே கேட்கிறேன்.

மூடல் அறிவிப்பு உங்கள் துறைக்கு வரும்போது, அதற்கு முந்திய 12 மாதத்தில் அந்த வளவுக்குள் ஏஜென்சி மூலமும் ஒப்பந்தம் மூலமும் எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்ற எண்ணையும் சேர்த்துத் தரச் சொல்லுங்கள், அதை வெளியில் சொல்லுங்கள். இது கம்பனிக்குப் புதுச் சுமை இல்லை. ஏஜென்சி ஆட்கள் எத்தனை பேர், எந்தப் பகுதியில், என்ன வேலை என்று பிரதிநிதிகளுக்கு எழுத்தில் கொடுக்கவேண்டும் என்று ஏற்கனவே சட்டம் இருக்கிறது. எண் கோப்பில் இருக்கிறது. கோப்பை விட்டு வெளியே வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரே இடத்தில் ஏஜென்சி மூலம் இரண்டு வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு, அந்த இடம் மூடப்படும்போது, சேவைக் காலத்துக்கு ஏற்ற ரிடண்டன்சிப் பணம் கிடைக்க வழிசெய்யுங்கள். ஏஜென்சி கொடுப்பதா கம்பனி கொடுப்பதா என்பது அவர்களுக்குள் உள்ள வழக்கு. அந்த வழக்கு முடியும்வரை நாங்கள் காத்திருக்கத் தேவையில்லாதபடி சட்டத்தை எழுதுங்கள்.

அரசின் உதவி, கடன் உத்தரவாதம், மானியம் எது வாங்கினாலும், ஏஜென்சி ஆட்களை நிறுத்துவதற்குக் குறைந்தது நான்கு வாரம் முன்னறிவித்தல் என்று நிபந்தனை போடுங்கள்.

மூடும் ஊர்களில் நீங்கள் வைக்கும் பயிற்சிக்கும் ஆலோசனைக்கும் கம்பனியின் ரிடண்டன்சிக் கடிதத்தைக் கேட்காதீர்கள். சம்பளச் சீட்டைக் கேளுங்கள், அது எங்களிடம் இருக்கிறது. போர்ட் டல்பட்டில் விநியோகக் கம்பனிகளின் ஆட்களுக்கும் சேர்த்துத்தான் நிதி ஒதுக்கினீர்கள், ஆகவே இது முடியாத காரியம் இல்லை. என் தோழி ஒருத்திக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் பழகவேண்டும், எனக்கு எழுத்து ஆங்கிலம் வேண்டும், இன்னொருவருக்கு ஊரில் செய்த மின் வேலைக்கு இந்த நாட்டுச் சான்றிதழ் வேண்டும். நாங்கள் கேட்பது இவ்வளவு சின்னச் சின்ன விஷயங்கள்.

கடைசியாக, மகள் அனுப்பிய ஆங்கிலப் பிரதியோடு ஒரு தாள் இருக்கிறது. குழுவில் இருந்த 58 பேரில் சம்மதம் சொன்ன 41 பேரின் பெயரும், ஒவ்வொருவரும் அங்கே எத்தனை வருடம் இருந்தார்கள் என்பதும் அதில் உண்டு. ஆகக் குறைவு ஏழு மாதம், ஆகக் கூட பதினொரு வருடம். அந்த 41 பேரும் உங்கள் துறையின் கணக்கில் எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்று எழுத்தில் பதில் தாருங்கள். மஞ்சள் மேலங்கிக்காரரின் கடைசி ஷிஃப்ட் ஓகஸ்ட் மாதக் கடைசி வெள்ளி. அதற்கு முந்தித் தாருங்கள்.

இப்படிக்கு,
கதவுப் பலகை பார்த்த ஒருத்தி,
கொவென்ட்ரி